எல்லைப்புறத்து உடைச்சொற்கள்: கலிங்கம் முதல் ஜீன்ஸ் வரை

ஒரு நாட்டு மக்களின் வரலாற்றை அவர்களை ஆண்ட மன்னர்களின் பெயர்களைக் கொண்டு அறிவது ஒரு முறை. அம்மக்கள் உண்ணும் உணவுக்கும் உடுக்கும் உடைக்கும் இட்டு வழங்கிய பெயர்களைக் கொண்டு அறிவது மற்றொரு முறை. முன்னதற்குரிய சான்றுகள் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் கிடைக்கின்றன. பின்னதற்குரியவை சந்தையிலும் தையற்கடையிலும் நெசவுத்தெருவிலும் கிடைக்கின்றன. நாம் ஈண்டு பின்னதை மேற்கொண்டு, ஒரே ஓர் உடைச்சொல்லின் வழியே சிறிது தொலைவு செல்ல விரும்புகிறோம்.

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலை பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டினுள் நுழைகிறது. 1956 நவம்பர் 1-ஆம் நாளுக்கு முன் இங்கு மாநில எல்லை என்று ஒன்று இருந்ததில்லை. அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு நிலத்தின்மேல் விழுந்தது. மக்களின் நாவின்மேல் விழவில்லை. இன்றும் பாறசாலைப் பக்கத்துச் சிற்றூர்களில் தாய்மொழி எது என்று கேட்டால் ஒரே குடும்பத்தில் இருவர் இரு விடை கூறுவதுண்டு.

இவ்வெல்லையின் இருபுறமும் உள்ள துணிக்கடைப் பலகைகளை நோக்கினால் ஒன்று புலனாகும். முண்டு என்பது அப்புறம், வேட்டி என்பது இப்புறம். ஆனால் இளைஞர் விரும்பி அணியும் முரட்டு நீலக் காற்சட்டைக்கு இருபுறமும் ஒரே பெயர். எழுத்து மட்டுமே வேறு. ஜீன்ஸ் என்பதே அப்பெயர். தமிழில் இதற்கு ஒரு சொல் இல்லையே என வருந்தும் அன்பர்களை நாம் அறிவோம். அவ்வருத்தம் மொழிப்பற்றில் பிறந்தது, மதிக்கத்தக்கது. எனினும் வருந்துவதற்கு முன் அச்சொல்லின் பிறப்பையும் நடையையும் அறிந்துகொள்வது நன்று.

ஊர்ப்பெயர் உடைப்பெயராதல்

ஜீன்ஸ் என்னும் சொல் ஆங்கிலத்திலேயே பிறந்தது அன்று. இத்தாலியின் துறைமுக நகராகிய ஜெனோவாவைப் பிரெஞ்சு மொழியினர் ழேன் என வழங்குவர். அந்நகர் வழியே வந்த பருத்திக் கலப்புத் துணியை 16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் ஜீன் என்றனர். டெனிம் என்பதும் அத்தகையதே. பிரான்சு நாட்டு நீம் நகரத்துச் சாய்வரித் துணிக்குரிய 'செர்ஜ் தெ நீம்' என்னும் தொடரின் கடைப்பகுதியே ஆங்கிலேயர் வாயில் டெனிம் ஆயிற்று என்பது பெரும்பாலோர் கருத்து. மூன்றாவதாக ஒரு சொல் உண்டு. அது நம் நாட்டுச் சொல். பம்பாய்க் கோட்டையை அடுத்திருந்த டோங்கிரி என்னும் இடத்தின் பெயரால் வழங்கிய முரட்டுப் பருத்தித் துணியை ஆங்கிலேயர் 17-ஆம் நூற்றாண்டிலேயே டங்கரி என்றனர். இன்றும் தொழிலாளர் அணியும் நீலநிற மேலுடைக்கு அப்பெயர் மேனாட்டில் வழங்குகிறது. ஓர் உடைக்கு மூன்று பெயர், மூன்றும் ஊர்ப்பெயர்.

இது வியப்புக்குரியதன்று. துணி வணிகப் பொருள். எங்கிருந்து வந்ததோ அவ்விடத்தின் பெயரை முத்திரையாகத் தாங்கியே அது செல்லும். கோழிக்கோட்டுத் துணி காலிகோ ஆயிற்று. மோசூல் நகரின் பெயர் மஸ்லினில் வாழ்கிறது. தமிழும் இம்முறைக்குப் புறம்பானதன்று. சங்க நூல்களில் ஆடைக்குப் பெருவழக்காக வரும் கலிங்கம் என்னும் சொல், கலிங்க நாட்டிலிருந்து வந்த துணி என்னும் பொருளில் தோன்றிப் பின்னர் ஆடை எதற்கும் பொதுப்பெயர் ஆயிற்று என்பர். ஜெனோவா ஜீன்ஸில் மறைந்ததுபோலவே கலிங்க நாடும் கலிங்கத்துள் மறைந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் நம்மவர் செய்ததையே பிற்காலத்தில் ஆங்கிலேயரும் செய்தனர்.

இக்கலிங்கச் சொல்லுக்கும் நாம் பேசும் இப்பகுதிக்கும் ஒரு தொடர்பு உண்டு. நீலநாகம் அளித்த கலிங்கத்தை ஆலமர் செல்வனுக்கு மனமுவந்து ஈந்தவன் என்று சிறுபாணாற்றுப்படை ஆய் மன்னனைப் போற்றுகிறது. பொதியிற் சாரலைச் சார்ந்த ஆய் மரபினர் பிற்காலத்தில் விழிஞம் முதலிய ஊர்களை உள்ளடக்கிய தென்கரையை ஆண்டனர். களியக்காவிளைக்குத் தெற்கே விளவங்கோடு தாலுகாவில் உள்ள பார்த்திவபுரத்தில் 9-ஆம் நூற்றாண்டில் கோயிலும் சாலையும் நிறுவிய கோக்கருநந்தடக்கன் அம்மரபினனே. ஆகவே பிற நாட்டுப் பெயர் தாங்கிய ஆடையொன்று தமிழ்ச் செய்யுளில் புகழ்பெற்றபோது, அப்புகழுக்கு உரியவன் இத்தென்கோடியோடு தொடர்புடைய குலத்தவனாகவே இருந்தான் என்பது நோக்கத்தக்கது.

நீலத்தின் பெயர்

துணியின் பெயரைக் கண்டோம். அதன் நிறத்தின் பெயரையும் காண்போம். டெனிம் துணியில் பாவு நூல் நீலம் தோய்ந்தது. ஊடு நூல் வெண்மையாக விடப்படுவது. சாய்வரி நெசவினால் நீலம் மேற்புறத்திலும் வெண்மை உட்புறத்திலும் மிகும். நீலச்சாயம் நூலின் உள்ளே முற்றும் ஊறாது. மேலே படிந்து நிற்கும். ஆதலின் உடுத்தத் தேய்ந்து, தேயத் தேய வெளுக்கும். அவ்வெளுப்பையே இன்று அழகென்று கொள்கின்றனர்.

அச்சாயத்தை முற்காலத்தில் தந்தது அவுரிச் செடி. மலையாளத்தார் அதனை அமரி என்பர். சாயத்தொட்டியிலிருந்து எடுக்கும்போது நூல் பசுமஞ்சளாக இருந்து காற்றுப்பட்டபின் நீலமாக மாறும். கிரேக்கர் இச்சாயத்தை 'இந்தியப் பொருள்' என்னும் கருத்தில் இந்திகோன் என்றனர். ஆங்கிலத்து இண்டிகோ அதன் வழிவந்தது. வடமொழி நீலம் அரபு மொழி வழியே போர்த்துக்கீசியரிடம் அனில் ஆயிற்று. அதிலிருந்து வேதியியலார் அனிலீன் என்னும் பெயரைப் படைத்தனர். 1897-இல் செர்மானியர் செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபின் அவுரிப் பயிர் சுருங்கியது, பெயர் சுருங்கவில்லை. நீல ஜீன்ஸ் என ஒருவர் ஆங்கிலத்தில் கூறும்போது, துணியில் இத்தாலிய நகரும் நிறத்தில் நம் நாடும் ஒளிந்துள்ளன.

இனி, இத்துணி இன்றைய உடையான வரலாறு சுருக்கமானது. அமெரிக்காவில் நெவாடா மாநிலத்து ரெனோ நகரில் ஜேக்கப் டேவிஸ் என்னும் தையற்காரர், உழைப்பாளிகளின் காற்சட்டைப் பைகள் கிழியாதிருக்க மூலைகளில் செப்பு ஆணி அடித்துப் பார்த்தார். அவருக்குத் துணி விற்றவர் பவேரியாவிலிருந்து குடியேறிய லீவை ஸ்ட்ராஸ். இருவரும் இணைந்து 1873 மே 20-இல் காப்புரிமை பெற்றனர். ஆனால் அவர்கள் தம் சரக்கை ஜீன்ஸ் என விற்கவில்லை. இடுப்பளவுத் தொழிலுடை என்னும் பொருள்படும் பெயரிலேயே நெடுங்காலம் விற்றனர். ஜீன், டெனிம் ஆகிய இரண்டும் முதலில் வெவ்வேறு துணிகள். டெனிமால் தைத்த உடையை ஜீன்ஸ் என அழைக்கத் தொடங்கியவர்கள் அதனை அணிந்த இளைஞர்களே. 1960-ஐ ஒட்டியே நிறுவனத்தாரும் அப்பெயரை ஏற்றனர். பொருளைச் செய்தவன் இட்ட பெயர் மறைந்து, உடுத்தவன் இட்ட பெயர் நிலைத்தது. சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் இதனை மறத்தல் கூடாது.

பன்மொழிப் பெயர்கள்

ஜீன்ஸ் என்னும் ஒலியையே உலகோர் அனைவரும் ஏற்றனர் எனல் தவறு. சீனர் அதனை மாட்டிடையன் காற்சட்டை என மொழிபெயர்த்தனர். ஸ்பானிய மொழியில் மாட்டிடையனைக் குறிக்கும் வாக்கேரோ என்பதே உடைப்பெயராயிற்று. அங்கேரியர் உழவன் என்னும் பொருளுடைய ஃபார்மர் என்பதால் வழங்குகின்றனர். செர்மானியர் ஒருகால் ஆணி அடித்த காற்சட்டை என்றனர். துருக்கியரோ, அந்நாட்டில் அதனைத் தைத்துப் பரப்பிய ஒருவரின் குடும்பப்பெயரான கோட் என்பதையே பெயராக்கிக் கொண்டனர். ஜப்பானியர் ஜீன்ஸ், பேண்ட் என்னும் இரண்டையும் குறுக்கி இணைத்து ஜீபான் என்றனர். உருசியர் ஜீன்ஸ் என்பதில் ஏற்கெனவே நிற்கும் ஆங்கிலப் பன்மை விகுதியை உணராது, அதன்மேல் தம் பன்மை விகுதியையும் சேர்த்து ஜின்சி என்றனர்.

நம்மவர் செய்கையும் இதற்குக் குறைந்ததன்று. பேண்ட்ஸ் என்னும் ஆங்கிலச் சொல்லின் இறுதி ஒலியை நீக்கிப் பேண்ட் என்கிறோம். ஜீன்ஸில் அதே ஒலியை நீக்காது வைத்துக்கொள்கிறோம். பிறகு இரண்டையும் சேர்த்து ஜீன்ஸ் பேண்ட் என்கிறோம். மலையாளத்தாரும் இவ்வாறே. 1998-இல் அப்பெயரிலேயே ஒரு தமிழ்த் திரைப்படம் வெளிவந்தபோது பொருள் விளக்கம் எவருக்கும் தேவைப்படவில்லை.

காலுக்கு வந்த சட்டைகள்

தைத்த உடையைத் தமிழர் அறியாதிருந்தனர் எனக் கருதுதல் பொருந்தாது. முல்லைப்பாட்டு, பாசறைக் காவலில் நின்ற யவனர் அணிந்ததை மெய்ப்பை என்கிறது. உடலுக்கு ஒரு பை என்பது எத்துணை இயல்பான ஆக்கம்! முழந்தாளளவாக வீரர் உடுத்தது வட்டுடை. எனினும் காலை இரண்டாகப் பிரித்து மூடும் உடை பெரும்பாலும் வெளியிலிருந்தே வந்தது. ஒவ்வொரு வருகையும் ஒரு சொல்லை விட்டுச் சென்றது.

பாரசீகச் சல்வார் தமிழில் சராய் ஆயிற்று. அதுவே மலாய் மொழியில் செலுவாராகி, மலேசியத் தமிழர் வாயில் சிலுவாராக ஒலிக்கிறது. போர்த்துக்கீசியரின் கல்சாவும் என்னும் சொல் யாழ்ப்பாணத்தில் களிசான், சிங்களத்தில் கலிசம, மலையாளத்தில் களசம் என மூன்று கரைகளில் மூன்று வடிவம் பெற்றது. ஆங்கில டிரௌசர்ஸ் முழுக்காலையும் மூடுவது. நம்மிடம் வந்து டவுசராகி முழங்காலுக்கு மேல் சுருங்கிவிட்டது. குமரி மாவட்டத்திலும் திருவனந்தபுரத்திலும் சிறுவர் அணியும் அரைக்காற்சட்டைக்கு நிக்கர் என்று பெயர். அதன் மூலம், வாஷிங்டன் இர்விங் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1809-இல் தாம் எழுதிய நூலுக்கு ஆசிரியராகப் புனைந்துகொண்ட நிக்கர்பாக்கர் என்னும் கற்பனைப் பெயர் என்றால் நம்புதற்கு அரிது.

இவற்றிடையே காற்சட்டை என்பது நம் ஆக்கம். பாரசீகர் பாய் என்னும் காலையும் ஜாமா என்னும் ஆடையையும் இணைத்துப் பாய்ஜாமா என்றதும் இதே கருத்தினால்தான். காலுறை என்பது தமிழில் பாதத்தை மூடுவதற்கும், மலையாளத்தில் காற்சட்டைக்கும் வழங்குகிறது. கூறுகள் ஒன்றே, கூட்டுப்பொருள் வேறு.

உடுப்பும் உரிமையும்

இதுகாறும் கூறியவை சொல்லின் சுவை. இனிக் கூறுவது சொல்லின் சுமை. நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்தில் உடை பற்றிப் பேசுவோர், உடை ஒருகாலத்தில் இங்குச் சட்டத்தால் அளக்கப்பட்டதை மறந்து பேசுதல் இயலாது.

பழைய திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்ட குலத்தோர் இடைக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி படிய உடுத்தல் கூடாது என்பது வழக்கம். பேச்சுக்கும் அத்தகைய அளவு இருந்தது. 1871-இல் நூல் எழுதிய சாமுவேல் மெட்டீர் என்னும் சமயத்தொண்டர், அவர்கள் மேல்குலத்தார்முன் தம்மை நான் எனக் கூறாது அடியன் என்றும், தம் சோற்றைச் சோறு என்னாது கரிக்காடி என்றும் கூற வேண்டியிருந்ததைப் பதிவு செய்துள்ளார். உடுத்தும் துணியும் உரைக்கும் சொல்லும் ஒரே கோலால் அளக்கப்பட்டன.

அக்கால ஆவணங்கள் சாணார் எனக் குறிக்கும் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் போராடிய தோள்சீலைக் கலகம் தென் திருவிதாங்கூர் முழுவதும் அறிந்தது. அதில் நாம் கவனிக்க வேண்டியது ஒரு சொல். 1814-இல் ஆங்கில ரெசிடென்ட் கர்னல் மன்றோவின் காலத்தில், கிறித்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் அணிய இசைவு தரப்பட்டது. 1829-இல் வந்த அரசாணை தோள்சீலையை மறுத்தது, குப்பாயத்தை மறுக்கவில்லை. குப்பாயம் தைத்த சட்டை. தோள்சீலை தைக்காது போர்த்தும் துணி. உயர்குலப் பெண்டிர் போர்த்துவது. மானத்தை மறைப்பது ஆள்வோர்க்குச் சிக்கலாக இல்லை; எதனைக் கொண்டு மறைப்பது என்பதே சிக்கலாக இருந்தது.

1858-இல் மீண்டும் கலகம் மூண்டது. சென்னை ஆளுநரின் வற்புறுத்தலுக்குப்பின் 1859 சூலை 26-இல் உத்திரம் திருநாள் மகாராசா ஆணை பிறப்பித்தார். சட்டை அணியலாம், அல்லது மீனவப் பெண்களைப்போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், உயர்குலத்தார் உடுத்துவதுபோல் மட்டும் உடுத்தலாகாது என்பதே அதன் சாரம். அவ்வாணையில் வரும் முரட்டுத் துணி என்னும் தொடர் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. டோங்கிரியின் துணியும் முரட்டுத் துணியே. ஜீனும் டெனிமும் சுரங்கத்திலும் மாட்டுப் பட்டியிலும் உழைத்தோர்க்கென நெய்த முரட்டுத் துணிகளே. ஒருகால் தாழ்வின் அடையாளமாக ஒதுக்கித் தரப்பட்ட அதே வகைத் துணியை இன்று எல்லோர் வீட்டுப் பிள்ளைகளும் விலை கொடுத்து வாங்கி உடுக்கின்றனர்.

இதனாலேயே நாம் ஜீன்ஸ் என்னும் சொல்லை இப்பகுதியில் வேறு கண்கொண்டு நோக்குகிறோம். முண்டும் நேரியதும் தோள்சீலையும் யார் எவ்வாறு உடுப்பது என்னும் படிநிலையைத் தம்முள் கொண்டிருந்த சொற்கள். குப்பாயம் அப்படிநிலைக்குள் அடங்காத தைத்த உடை; ஆதலின் அதன் வழியே ஒரு கதவு திறந்தது. ஜீன்ஸும் அவ்வாறே புறத்திலிருந்து வந்தது. வளைகுடா நாடுகளுக்குச் சென்று திரும்பியோரின் பெட்டிகளிலும், பின்னர் அகமதாபாத்து ஆலைகளின் நெசவிலும் வந்த அதற்கு இங்கே குலம் இல்லை. அணிந்தவனைக் கொண்டு அவன் பிறந்த தெருவைக் கூற இயலாது.

எனினும் உடையை அளக்கும் கோல் முற்றும் மறைந்துவிட்டது எனல் இயலாது. 2014 அக்டோபரில் திருவனந்தபுரத்தில் நிகழ்ந்த காந்தி பிறந்தநாள் விழாவொன்றில் புகழ்மிக்க பாடகர் ஒருவர், பெண்கள் ஜீன்ஸ் அணிந்து பிறரைத் துன்புறுத்தலாகாது என்று பேசப் பெண்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2016 சனவரி 1 முதல் தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு வருவோர்க்கு உயர்நீதிமன்ற ஆணைப்படி உடை விதி வந்தபோது, விலக்கிய உடைகளுள் கைலியோடு ஜீன்ஸும் இருந்தது. சில நாட்களிலேயே அவ்வாணை நிறுத்தி வைக்கப்பட்டது. எல்லையின் இருபுறமும் ஒரே சொல். இருபுறமும் ஒரே வழக்கு.

துவர்த்து கற்பிக்கும் பாடம்

அப்படியாயின் வந்த சொற்களையெல்லாம் வரவேற்று, இருப்பவற்றை மறந்துவிடலாமா? அதுவும் நம் கருத்தன்று. குமரி மாவட்டத்தார் உடல் துடைக்கும் துண்டைத் துவர்த்து என்பர். மலையாளத்தார் தோர்த்து என்பர். இது ஆங்கில டவலின் சிதைவு என்றெண்ணி நகைப்போர் உளர். ஈரம் புலர்த்துதலைக் குறிக்கும் துவர்த்துதல் என்னும் பழந்தமிழ் வினையே இதன் வேர். போர்த்துக்கீசியர் தந்தது துவாலை; அது வேறு. ஒலியால் நெருங்கிய இவ்விரு சொற்களுள், நாம் இலக்கியத் தமிழெனக் கருதி எழுதும் துவாலை அயலது. கொச்சையென ஒதுக்கும் துவர்த்து நம்முடையது! எல்லைப்புறப் பேச்சைக் கலப்புமொழி எனத் தள்ளுவோர் தம் வீட்டுப் பொருளையே தள்ளுகின்றனர்.

நெய்யாற்றின்கரைத் தாலுகாவைச் சேர்ந்த பாலராமபுரம் இவ்வுண்மைக்கு மற்றொரு சான்று. பாலராமவர்மா மன்னர் (1798–1810) காலத்தில், உம்மிணித் தம்பியின் முயற்சியால், நாகர்கோவில், திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து சாலியர் குல நெசவாளர் அங்குக் குடியேற்றப்பட்டனர். மலையாள நாட்டின் பெருமையாக இன்று உலகறிந்த பாலராமபுரத்துக் கைத்தறி முண்டு, இல்லத்தில் தமிழ் பேசிய அம்மக்களின் குழித்தறியில் பிறந்தது. அத்துணி புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. ஆனால் தறியில் அமரும் இளையோர் குறைந்து வருகின்றனர். தறி நிற்குமாயின் தறிக்குரிய சொற்களும் நிற்கும். ஜீன்ஸ் என்னும் ஒரு சொல் உள்ளே வந்ததால் தமிழுக்கு நேரும் இழப்பு சிறிது. நெசவுத்தெருவின் நூறு சொற்கள் எழுதப்படாமல் மறைவதால் நேரும் இழப்பு பெரிது.

ஆகவே தமிழ்ச் சங்கங்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் இதுவே. ஜீன்ஸுக்கு மாற்றுச்சொல் காண்பதில் செலவிடும் உழைப்பில் ஒரு பகுதியையேனும் பாறசாலை, நெய்யாற்றின்கரை, களியக்காவிளை ஊர்களின் நெசவாளர், தையற்காரர், சலவையாளர் ஆகியோரிடம் சென்று சொல் திரட்டுவதில் செலவிடுக. கலிங்கத்தை ஏற்றும் கெடாத தமிழ் ஜீன்ஸை ஏற்றும் கெடாது. துவர்த்தை இழப்பின் அதனை மீண்டும் படைத்தல் அரிது.

பாவு நெடுக்கில் நிற்பது. ஊடு குறுக்கில் வருவது. ஒன்று நிலைப்பதும் மற்றொன்று வந்துபோவதும் சேர்ந்தாலன்றித் துணி இல்லை. ஊடும் பாவும் என்னும் அத்தொடர் தமிழிலும் உண்டு. மலையாளத்திலும் எழுத்து மாறாது உண்டு. எல்லைக்கோட்டின் இருபுறத்தாரும் பெயர்த்தெழுதத் தேவையில்லாத அத்தொடரோடு இக்கட்டுரையை நிறைவு செய்கிறோம்.